ஒரு லிட்டர் பிடிக்காத பத்து சென்டிமீட்டர் பெட்டி

திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அளவு பார்த்து விலை போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். ஒரு பீஸ் பனியன் மடித்தால் என்ன அளவு, பெட்டிக்கு எத்தனை டஜன் என்று சொன்னால் போதும். நீளம், அகலம், உயரம், அட்டை மூன்று ப்ளையா ஐந்து ப்ளையா (ப்ளை என்றால் தாளின் அடுக்கு), பெட்டிக்கு எத்தனை சதுர மீட்டர் அட்டை ஆகும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். இப்போது அவிநாசியில் வீட்டோடு இருக்கிறேன். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அளவியல் பாடம் என்றால் பிள்ளைகளுக்குச் சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். கனச்செவ்வகத்தின் மொத்தப் பரப்பு என்ன என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அதே பிள்ளையிடம் கரும்பலகையில் வரைந்த பெட்டியைக் காட்டி, இதில் மறைந்திருக்கும் முனை எது என்று கேட்டால் விழிக்கிறது. தட்டையான பலகையில் புள்ளிக்கோடு போட்டு எவ்வளவுதான் விளக்குவது? அதற்காகத்தான் கோவை டவுன்ஹால் பக்கத்தில் பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இந்தக் கனவடிவத் தொகுப்பை வாங்கினேன். விலை 1,450 ரூபாய். கொஞ்சம் பேசிப் பார்த்தும் குறைக்கவில்லை.

உள்ளே பத்து வடிவங்கள் இருக்கின்றன. கனச்சதுரம், கனச்செவ்வகம், முக்கோணப் பட்டகம், அறுகோணப் பட்டகம், சதுரப் பிரமிடு, நான்முகி, உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம். எல்லாம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் உள்ளே வெறுமையாகச் செய்தவை. ஒரு பக்கம் திறந்து, தண்ணீரோ தானியமோ நிரப்பலாம். கனச்சதுரம், பட்டகம் போன்ற தட்டை முக வடிவங்களுக்குள் மடித்து வைத்த நிறத்தாள் ஒன்றும் இருக்கிறது; அதை வெளியே எடுத்துப் பிரித்தால் அந்த வடிவத்தின் வலை, அதாவது மடித்தால் அந்த வடிவமாகும் தட்டைப் படம், கிடைக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகுப்பை வடிவமைத்தவர் யாரோ, யோசித்துச் செய்திருக்கிறார். கனச்சதுரம், உருளை, கூம்பு, சதுரப் பிரமிடு, கோளம் எல்லாவற்றுக்கும் உயரம் 10 சென்டிமீட்டர். அடியின் அகலமும் 10 சென்டிமீட்டர். அதனால் ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்க்க முடிகிறது. உருளையின் பக்கத்தில் கூம்பை வைத்தால் இரண்டும் ஒரே தலைமட்டத்தில் நிற்கின்றன. மர வடிவத் தொகுப்புகள் பலவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் இருக்கும். அவை அலமாரிக்கு அழகு, கணக்குக்கு உதவாது. விளிம்புகளையும் நன்றாக மழுக்கியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ள மாட்டார்கள்.

குறை தொடங்கும் இடம் கனச்செவ்வகம். அதன் அளவு 5, 5, 10. அதாவது ஆறு முகங்களில் இரண்டு சதுரம், மீதி நான்கும் ஒரே அளவுள்ள செவ்வகம். கணக்குப்படி அதுவும் கனச்செவ்வகம்தான். கனச்சதுரமே ஒரு கனச்செவ்வகம்தானே. ஆனால் முதன்முதலாகக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு இது தப்பான படத்தைக் கொடுக்கிறது. ‘நான்கு முகம் ஒன்று போல, இரண்டு முகம் ஒன்று போல’ என்று மனத்தில் பதிந்துவிடும். எதிரெதிர் முகங்கள் இணை இணையாகச் சமம், மூன்று இணைகள், மூன்று வெவ்வேறு பரப்புகள் என்பதல்லவா தெரிய வேண்டியது? நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக ஒரு பெட்டியைச் செய்து கொடுக்க இவர்களுக்கு என்ன சிரமம் என்று தெரியவில்லை.

இந்த ஒரு வடிவத்துக்கு நான் தொகுப்பை நம்புவதில்லை. கொல்லையில் கிடந்த ஒரு நாட்டுச் செங்கல்லை எடுத்து வந்து கூடத்தில் வைத்துவிட்டேன். 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம். செங்கல்லைவிட நல்ல கனச்செவ்வகம் கிடையாது என்பேன். பெரிய முகம் 40½ சதுர அங்குலம், நடு முகம் 27, சின்ன முகம் 13½. மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே வந்து நிற்கிறது. ஒவ்வொன்றும் இரண்டிரண்டு, மொத்தப் பரப்பு 162 சதுர அங்குலம். பிள்ளைகளே கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. செங்கல்லின் ஒரு கீழ்முனையிலிருந்து, உடம்பின் ஊடாகப் போய், எதிர்மூலையின் மேல்முனையைத் தொடும் மூலைவிட்டம் எவ்வளவு? செங்கல்லைத் துளைத்துக் குச்சி விட முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. மேசையின் மூலையில் செங்கல்லை இரண்டு விளிம்புக்கும் சரியாகப் பொருத்தி வையுங்கள். பிறகு மேசை விளிம்போடு ஒட்டியபடியே ஒரு செங்கல் நீளத்துக்கு அதைத் தள்ளிவிடுங்கள். இப்போது மேசை மூலையில் செங்கல் இருந்த இடம் காலி. ஆனால் அந்தக் காலியிடமும் அதே அளவுதான். மேசை மூலையிலிருந்து, தள்ளிப்போன செங்கல்லின் நம்மைப் பார்த்த சின்ன முகத்தில் மேசை விளிம்பை விட்டு உள்ளே இருக்கும் மேல்முனைவரை நாடாவை நீட்டுங்கள். கிட்டத்தட்ட பத்தரை அங்குலம் வரும். சூளைக் கல் அச்சு அளவுக்கு அப்படியே வராது, நூல் முன்னே பின்னே இருக்கும். கணக்கில் பார்த்தால் 9, 4½, 3 இவற்றின் வர்க்கங்களைக் கூட்ட 110¼. அதன் வர்க்கமூலம் சரியாக 10½. செங்கல்லின் அளவுகளை ஒன்றரையால் வகுத்தால் 6, 3, 2. அவற்றின் வர்க்கங்கள் 36, 9, 4, கூட்டினால் 49. இவ்வளவு சுத்தமாக விடை வரும் கணக்கு வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது, நாம் 1,450 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, தொகுப்புக்கு வருகிறேன்.

கனச்சதுரத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்து முகம், விளிம்பு, முனை எண்ணச் சொன்னேன். முகம் ஆறு என்றாள். முனை எட்டு. விளிம்புக்கு மட்டும் வெகு நேரம் எடுத்துக்கொண்டு, “அத்தை, இருபத்து நான்கு” என்றாள். பன்னிரண்டுதானே என்று பெட்டியை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. பிளாஸ்டிக்குக்குக் கனம் இருக்கிறது. ஒளி ஊடுருவுவதால் வெளிப்பக்கம் பன்னிரண்டு கோடுகள், உள்பக்கம் பன்னிரண்டு கோடுகள் என்று இரண்டு பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிகின்றன. உள்ளே தெரிவதும் ஒரு கனச்செவ்வகம், வெளியே தெரிவதும் ஒரு கனச்செவ்வகம். அளவு மட்டும் வேறு.

இது சின்ன விஷயம் இல்லை. இந்தத் தொகுப்பைப் பற்றி நான் சொல்ல வந்ததே இதைத்தான். பெட்டியின் மேல் ‘10 செ.மீ. கனச்சதுரம் = 1 லிட்டர்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனச்சதுரத்தின் கன அளவு 1,000 கன சென்டிமீட்டர், அதுதான் ஒரு லிட்டர் என்பது சரி. ஆனால் அந்த 10 சென்டிமீட்டர் எங்கே அளந்தது? வெளியே. சுவரின் கனம் 2 மில்லிமீட்டர். நான்கு பக்கச் சுவர்களும் ஓர் அடித்தகடும் போக உள்ளே இருப்பது 9.6, 9.6, 9.8. பெருக்கினால் 903 கன சென்டிமீட்டர். சமையலறைத் தராசில் வெறும் பெட்டியை வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, வாய்மட்டம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 900 கிராமைக் கொஞ்சம் தாண்டியதும் வழியத் தொடங்கிவிட்டது. ஒரு லிட்டர் பாட்டிலில் கிட்டத்தட்ட 100 மில்லி மீதி நின்றது.

இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஒரு கோட்டின் தடிமன்தான், அதில் என்ன போய்விடும் என்றுதான் தோன்றும். பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. மூன்று திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் சுரண்டினால் பெருக்கத்தில் அது இப்படித்தான் வந்து நிற்கும்.

கடைக்குப் போன் செய்து கேட்டேன். பத்து என்று போட்டிருக்கிறதே, உள்ளளவா வெளியளவா என்று. “வெளியளவுதானுங்க அம்மா, எல்லாக் கம்பெனியும் அப்படித்தானுங்க போடுகிறார்கள்” என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அட்டைப்பெட்டித் தொழிலில் இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு எவரும் வேலையில் நீடிக்க முடியாது.

எங்கள் தொழிலில் பெட்டியின் அளவு என்றால் அது உள்ளளவு. வாங்குகிறவருக்குச் சரக்கு உள்ளே அடங்க வேண்டும், அதுதான் அவர் கவலை. 60, 40, 30 சென்டிமீட்டர் என்று அளவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெளியளவு என்று எடுத்துக்கொண்டு, 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஐந்து ப்ளை அட்டையில் பெட்டி போட்டால் உள்ளே நீளம் 58.8, அகலம் 38.8 ஆகிவிடும். உயரத்தில் இன்னும் மோசம்; மேலேயும் கீழேயும் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கு வருவதால் 27.6தான் நிற்கும். 72,000 கன சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 63,000கூட இல்லை. எட்டில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று. டஜன் கணக்கில் பனியனை அடுக்கிக்கொண்டு நிற்கும் பேக்கிங் ஆள் நம்மைப் பற்றி என்ன பேசுவார் என்பதை இங்கே எழுத முடியாது.

கப்பலுக்குப் போகும் கன்டெய்னரும் அப்படித்தான். திருப்பூர் சரக்கு தூத்துக்குடிக்குப் போகும் 20 அடிக் கன்டெய்னரை வெளியே அளந்தால் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44, உயரம் 2.59. பெருக்கினால் 38 கன மீட்டர் வரும். உள்ளே அளந்தால் 33 கன மீட்டர்தான். அந்த ஐந்து கன மீட்டர் வித்தியாசம் தகடும் சட்டமும் தரைப்பலகையும் எடுத்துக்கொண்ட இடம். 38 என்று நினைத்துக்கொண்டு பெட்டிகளை அனுப்பினால் மீதிப் பெட்டிகள் லாரியிலேயே திரும்பி வர வேண்டியதுதான்.

ஆகவே இந்தத் தொகுப்பைச் செய்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உள்ளளவை 10 ஆக வையுங்கள்; வெளியளவு 10.4 ஆக இருந்துவிட்டுப் போகட்டும். அச்சை மாற்ற முடியாதென்றால் பெட்டிமேல் உள்ளளவையும் சேர்த்து அச்சிடுங்கள். பத்தாம் வகுப்பில் உள்ளீடற்ற உருளை என்று தனியாகப் பாடமே இருக்கிறது; வெளி ஆரம், உள் ஆரம் என்று இரண்டும் கொடுத்துக் கணக்குக் கேட்கிறார்கள். பாடப்புத்தகத்துக்குத் தெரிந்தது தயாரிப்பவருக்குத் தெரியவில்லை.

கூம்பும் உருளையும் இந்தத் தொகுப்பின் உயிர். ஒரே அடி, ஒரே உயரம் என்றால் கூம்பு உருளையில் மூன்றில் ஒன்று. இதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை நம்பிக்கொள்கிறது. மூன்று முறை ஊற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு நம்ப வேண்டிய அவசியமே இல்லை. நான் தண்ணீரை விட்டுவிட்டு ராகியை எடுத்துக்கொண்டேன். தானியத்தை வள்ளம் என்ற படியில் அளக்கும்போது செய்வதுபோல அடிக்கோலால் வாயைத் தலை தட்டி ஊற்ற வேண்டும். கோபுரமாக விட்டால் கணக்குப் போச்சு. மூன்றாவது கூம்பையும் கொட்டியபோது உருளை நிறையவில்லை. வாயிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது. அதற்கும் காரணம் அதே சுவர்க்கனம்தான். சுவர் சாய்ந்திருப்பதால் கூம்பின் வாயில் பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் அதிக இடம் பிடிக்கிறது; நுனியிலோ கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டரை அடைத்துவிடுகிறது. உருளை இழப்பதைவிடக் கூம்பு இழப்பது அதிகம். கணக்கிட்டால் கூம்பு 228 மில்லி, உருளை 709 மில்லி. மூன்று கூம்பும் சேர்ந்து 685தான்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதோடு விடாமல் சதுரப் பிரமிடையும் கனச்சதுரத்தையும் வைத்து இதே சோதனையைச் செய்தான். அங்கேயும் அதே மூன்றரை மில்லிமீட்டர் குறை. வடிவம் வேறு, குறை மட்டும் எப்படி ஒன்று? கூம்பையும் பிரமிடையும் நடுவில் நெடுக்காகப் பிளந்தால் தெரியும் முக்கோணம் ஒன்றே. உருளையையும் கனச்சதுரத்தையும் பிளந்தால் தெரியும் சதுரமும் ஒன்றே. சுவர் எல்லாவற்றிலும் 2 மில்லிமீட்டர். பிறகு குறை மட்டும் எப்படி மாறும்? அன்றைக்கு அவனுக்கு வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்கவில்லை.

இந்த மூன்றில் ஒன்று என்பது அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததும் இல்லை. ஆரியபட்டர் 499இல் எழுதிய நூலில் நான்முகியை ஆறு விளிம்பு கொண்டது என்று குறித்து, அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி அதன் கன அளவு என்று சொல்லியிருக்கிறார். முக்கோணத்தின் பரப்புக்குப் பாதி என்பதால் இங்கும் பாதி என்று தோன்றியிருக்கலாம். 628இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகச் சொல்லிவிட்டார். ராகியால் அளந்து மூன்றரை மில்லிமீட்டர் குறைகிறதே என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் மலர்கிறது.

கோளம் இரண்டு பாதிகளாகத் திறக்கிறது. அதைச் சுற்றி அச்சாகப் பொருந்தும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு கோளம் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்டது. அந்தப் படத்தையே தன் கல்லறையில் செதுக்கச் சொன்னார். கி.மு. 75இல் சிசிலிக்கு அதிகாரியாகப் போன ரோமானியப் பேச்சாளர் சிசரோ முள்ளும் புதரும் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தது இந்தக் கோளத்தையும் உருளையையும் அடையாளமாக வைத்துத்தான். தொகுப்பில் இந்தச் சோதனை நன்றாகவே வருகிறது, குறை ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். இன்னொரு வேடிக்கை: இங்கே கூம்பின் உயரம் அதன் விட்டத்துக்குச் சமம் என்பதால், கூம்பும் அரைக்கோளமும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றில் ராகியைக் கொட்டினால் ஒரு கரண்டிகூட மிச்சம் விழுவதில்லை. இதைப் பெட்டியில் எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வாங்க இன்னொரு காரணம் கிடைத்திருக்கும்.

கூடவே கொடுத்த விளக்கத்தாளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் முகம், விளிம்பு, முனை எத்தனை என்று அட்டவணை. அறுகோணப் பட்டகத்துக்கு முகம் 8, முனை 12, விளிம்பு 12 என்று போட்டிருக்கிறது. விளிம்பு 18: மேலே ஆறு, கீழே ஆறு, நிற்பவை ஆறு. இந்தத் தப்பை நான் பார்க்கவில்லை, கணித மேதை ஆய்லரின் சூத்திரம் பிடித்துக் கொடுத்தது. 1750இல் ஆய்லர் தன் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் சொன்னது: முனைகளோடு முகங்களைக் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் இரண்டு வரும். கனச்செவ்வகத்துக்கு 8, 6, 12. முக்கோணப் பட்டகத்துக்கு 6, 5, 9. சதுரப் பிரமிடுக்கு 5, 5, 8. நான்முகிக்கு 4, 4, 6. எல்லாவற்றுக்கும் இரண்டு வந்துகொண்டே இருந்தது; அறுகோணப் பட்டகத்தில் மட்டும் எட்டு வந்தது. பிள்ளைகள் உடனே பட்டகத்தைக் கையில் எடுத்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

அதே வேகத்தில் உருளைக்கும் போட்டார்கள். விளக்கத்தாளில் உருளைக்கு முகம் 3, விளிம்பு 2, முனை இல்லை. விடை ஒன்று. இதுவும் அச்சுப் பிழைதான் என்று ஒரு கூட்டம். கூம்புக்கு முகம் 2, விளிம்பு 1, முனை 1; அதற்கு இரண்டு வருகிறதே என்று இன்னொரு கூட்டம். இங்கே அட்டவணையில் தப்பில்லை. ஆய்லர் சொன்னது தட்டை முகங்களால் ஆன வடிவங்களுக்கு. வளைந்த முகத்துக்கு அதை அப்படியே போடக் கூடாது. கூம்புக்குச் சரியாக வந்தது அதன் அதிர்ஷ்டம். உருளையையும் வழிக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. எண்ணெய்த் தகர டப்பாவைப் பாருங்கள், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒட்டுக்கோடு ஒன்று ஓடும். உருளையின்மேல் அப்படி ஒரு கோடு மார்க்கரால் போட்டோம். இப்போது விளிம்பு 3, அந்தக் கோடு மேல் வட்டத்தையும் கீழ் வட்டத்தையும் தொடும் இடங்கள் இரண்டு முனை, முகம் 3. கூட்டிக் கழித்தால் இரண்டு. இதையெல்லாம் விளக்கத்தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் அதை எழுதியவர் விளிம்பையும் முனையையுமே கலந்துவிட்டார், அவரிடம் போய் என்ன எதிர்பார்ப்பது.

நிறத்தாள் வலைகள் பரவாயில்லை. மடிப்புக் கோடு ஆழமாக இருக்கிறது, பலமுறை மடித்தும் விடவில்லை. கனச்சதுரத்துக்குச் சிலுவை வடிவ வலை ஒன்றை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி 35 விதமாக அடுக்கலாம். அவற்றில் 11 விதம் கனச்சதுரமாக மடியும். மற்ற பத்தையும் கட்டம் போட்ட நோட்டுத் தாளில் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெட்டியின் வலை இப்படி இருக்காது. நான்கு பக்கச் சுவர்களும் வரிசையாக ஒரே தாளில், ஓரத்தில் ஓர் ஒட்டுப்பட்டை, மேலே நான்கு மடல், கீழே நான்கு மடல். ஒவ்வொரு மடலும் பெட்டியின் அகலத்தில் பாதி. முன்னே சொன்ன 60, 40, 30 பெட்டியின் மொத்தப் பரப்பு சூத்திரப்படி 10,800 சதுர சென்டிமீட்டர். அட்டை வெட்டும்போது நீளவாக்கில் 60, 40, 60, 40, அதோடு ஒட்டுப்பட்டை 4, ஆக 204. குறுக்கே உயரம் 30, மடல்கள் 20, 20, ஆக 70. பெருக்கினால் 14,280. சூத்திரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சூத்திரத்தை மட்டும் நம்பி விலை சொன்னவர் முதல் ஆர்டரிலேயே கடையைச் சாத்துவார்.

பெட்டியின் வடிவமும் விலையை மாற்றும். 1,000 கன சென்டிமீட்டரை 10, 10, 10 என்று வைத்தால் மொத்தப் பரப்பு 600. 5, 10, 20 என்று வைத்தால் 700. 4, 10, 25 என்றால் 780. கொள்ளளவு அதேதான், அட்டை மட்டும் கூடுகிறது. தொகுப்பில் ஒரே கன அளவுள்ள இரண்டு கனச்செவ்வகங்கள் வைத்திருந்தால் இதைக் கையில் வைத்தே காட்டியிருக்கலாம்.

இல்லாதவற்றில் எனக்குப் பெரிய குறை இடைக்கண்டம், அதாவது நுனியை வெட்டி எடுத்த கூம்பு. பத்தாம் வகுப்பில் அதற்குத் தனிச் சூத்திரம், தேர்வில் கேள்வி எல்லாம் உண்டு, தொகுப்பில் இல்லை. அச்சு வெல்லம் நல்ல இடைக்கண்டம், கவுந்தப்பாடிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அளந்து முடித்தபின் பிள்ளைகள் அதை விட்டுவைப்பதில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. ஒரே உயரம், ஒரே அடி என்ற யோசனைக்கும் பிளாஸ்டிக்கின் தரத்துக்கும் மூன்று. 24 விளிம்பு தெரியும்படி ஒளி ஊடுருவச் செய்ததற்கு அரை. உள்ளளவு போடாததற்கும் விளக்கத்தாளுக்கும் சேர்த்து ஒன்றரை போயிற்று. ஏழாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும், கணக்கு ஆசிரியர்களுக்கும் வாங்கலாம் என்பேன். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் வேண்டாம். தீப்பெட்டி, செங்கல், தகர டப்பா போதும்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு மூடியையும் போட்டுப் பாருங்கள். எனக்கு வந்ததில் அறுகோணப் பட்டகத்தின் மூடி ஒரு பக்கம் மட்டும் உட்காரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். நான்முகியின் ஒட்டுகளில் தண்ணீர் கசிகிறது, அதற்குத் தானியம்தான் சரி. நிறம் தெரிய வேண்டும் என்று மஞ்சள் கரைத்த தண்ணீரை எதிலும் ஊற்றிவிடாதீர்கள், கறை போகவே போகாது.